எதற்காக என்று ஒரு வரி

சென்ற மாசி மாதம் ஒரு சாயங்காலம், எங்கள் தெருவில் இட்லி மாவு அரைத்து விற்கும் பெண் நாற்பத்தொரு பக்கத் தாள்கட்டோடு என் வீட்டுக்கு வந்தார். வங்கியில் எடுத்த ஓராண்டுக் கணக்கு அறிக்கை அது. இரண்டாவது கிரைண்டர் வாங்கக் கடன் கேட்டிருக்கிறார். வருஷத்துக்கு விற்பனை எவ்வளவு என்று மேலாளர் கேட்டிருக்கிறார். “எல்லாமே போன்லதான் டீச்சர் வருது. இதுல எல்லாம் இருக்குமே, நீங்க பார்த்துச் சொல்லுங்க” என்று தாள்களை நீட்டினார்.

கூட்டிப் பார்த்தேன். உள்ளே வந்த பணம் 11,40,000 ரூபாய். அவ்வளவும் மாவு விற்ற பணமா என்று கேட்டதற்கு அவரே இல்லை என்றார். பிறகு நான்கு சாயங்காலம் உட்கார்ந்தோம். சீட்டு எடுத்தது ஒரு லட்சம். திருப்பூரிலிருந்து தம்பி அனுப்பியது 75,000. வளையல் அடகு வைத்தது 60,000. பக்கத்து வீட்டுப் பையனின் பள்ளிக் கட்டணம், இவர் போன் வழியாக வந்து இவர் போன் வழியாகவே போனது, 12,500. மாவு பாக்கெட்டுக்கு வந்த முப்பதும் அறுபதும் ஆயிரக்கணக்கான வரிகளாக நடுவில் கிடந்தன. நான்காம் நாள் முடிவில் 38,400 ரூபாய்க்கு விடை கிடைக்கவில்லை. அக்டோபர் 31ஆம் தேதி வந்த 9,000 யார் கொடுத்தது, கடனா, முன்பணமா, திருப்பித் தந்ததா என்று அவருக்கும் நினைவில்லை. அந்தத் தொகையை அனாமத்து என்று தனியாக எழுதிவைத்தோம்.

அந்த அறிக்கையில் பிழையே இல்லை. தேதி, நேரம், தொகை, பன்னிரண்டு இலக்க எண் எல்லாம் சரியாக இருந்தன. எதற்காக என்ற ஒன்றைத் தவிர எல்லாம் இருந்தன.

விருதுநகர் மாவட்ட அரசுப் பள்ளிகளில் முப்பத்தோரு வருஷம் கணக்குப்பதிவியல் நடத்தியவள் நான். பிளஸ் ஒன் பாடத்தில் குறிப்பேடு என்று ஒரு பாடம் வரும். நாள், விவரம், பேரேட்டுப் பக்க எண், பற்று, வரவு என்று ஐந்து பத்தி. ஒவ்வொரு நடவடிக்கைக்கும் ஒரு கணக்கில் பற்று, இன்னொரு கணக்கில் வரவு. அதற்குக் கீழே அடைப்புக்குறிக்குள் ஒரு வரி. பாடநூல் அதை விளக்கக் குறிப்பு என்கிறது. மாணவர்கள் அதை மதிப்பதில்லை. அதற்குத் தனியாக மதிப்பெண் பெரிதாக இல்லை என்பதால் தேர்வில் நேரம் போதாதபோது முதலில் விடுவது அதைத்தான். நானும் பல வருஷம் “டைம் இல்லேன்னா நரேஷனை விட்டுட்டு அடுத்த பதிவுக்குப் போங்க” என்று சொல்லியிருக்கிறேன். அது தவறு. வீட்டிலேயே அதற்கு நேர்மாறாகப் பார்த்து வளர்ந்தவள் அப்படிச் சொல்லியிருக்கக் கூடாது.

என் அப்பா விருதுநகரில் ஒரு வத்தல் கமிஷன் மண்டியில் கணக்குப்பிள்ளையாக இருந்தார். அவரிடம் இரண்டு ஏடு. ஒன்று சிட்டை, நடப்பதை நடந்த நிமிஷத்திலேயே எழுதுவது. மற்றது பேரேடு, ஆளுக்கு ஒரு பக்கம். இரவு கடை சாத்தியபின் சிட்டையில் இருப்பதைப் பேரேட்டில் அவரவர் பக்கத்தில் ஏற்றுவார். நான் தூக்குவாளியில் சோறு கொண்டுபோனால் ஏற்றி முடிக்கும்வரை கை கழுவ மாட்டார். புது ஏட்டின் முதல் பக்கத்தில் பிள்ளையார் சுழி, அதன்கீழ் ‘லாபம்’ என்ற சொல், நான்கு மூலையிலும் மஞ்சள். அவர் கையெழுத்து சின்னதாக, நெருக்கமாக இருக்கும். தொகைக்குப் பக்கத்தில் எப்போதும் அரை வரியாவது சொற்கள் இருக்கும்.

1977ல், நான் எட்டாவது படிக்கும்போது நடந்தது. மண்டிக்கு வத்தல் போட்டுவந்த ஒரு சம்சாரி இறந்துவிட்டார். அவர் மகன் அடுத்த வெள்ளாமையைக் கொண்டுவந்தபோது, “உங்க அப்பா வாங்குன 600 ரூபா நிக்குதுப்பா, அதைக் கழிச்சுக்குறோம்” என்றார் முதலாளி. தன் அப்பா அப்படி ஒரு கடன் வாங்கியதாகச் சொன்னதே இல்லை என்று மகன் மறுத்தான். குரல் உயர்ந்தது. அப்பா எதுவும் பேசாமல் பேரேட்டில் அந்தப் பக்கத்தை எடுத்து, அங்கே குறித்திருந்த பக்க எண்ணைப் பிடித்துப் போய் நான்கு வருஷத்துக்கு முந்தைய சிட்டையைத் திறந்தார். வாசித்தார். “ரொக்கம் 600 பற்று. கிணறு தூர் வார. நேரில் வந்து பெற்றது. மூத்த மருமகன் உடன் இருந்தார்.”

மகன் கொஞ்ச நேரம் பேசவில்லை. அந்த வருஷம் கிணறு தூர் வாரியது உண்மைதான் என்றான். தன் அக்கா மாப்பிள்ளைதான் ஆள் பிடித்துவந்தார் என்றான். அப்பா அதோடு ஏட்டை மூடவில்லை. யாரும் கேட்காமலே அடுத்த வருஷச் சிட்டையையும் எடுத்தார். “மழையில் நனைந்த வத்தல் இரண்டு மூடை, விலை குறைத்து 230 வரவு. முன்பணத்தில் கழிக்கச் சொன்னது.” நிற்பது 600 இல்லை, 370 என்று முதலாளியைப் பார்த்துச் சொன்னார். முதலாளி நினைவிலிருந்து பேசியிருக்கிறார். 600 நினைவிருந்தது, 230 மறந்துவிட்டது. அவர் மறு வார்த்தை சொல்லவில்லை. 370 கழிக்கப்பட்டது. அந்த மகன் அதன்பிறகும் அந்த மண்டிக்குத்தான் வத்தல் போட்டான்.

வெறும் 600, வெறும் 230 என்று எழுதியிருந்தால் அன்றைக்கு அந்த ஏடு முதலாளியின் வாய்ச்சொல்லுக்கு மேல் ஒன்றுமாக இருந்திருக்காது. கிணறும் மருமகனும் நனைந்த மூடையும்தான் எதிரில் நின்றவனை ஒத்துக்கொள்ள வைத்தன. முதலாளியையும் ஒத்துக்கொள்ள வைத்தன.

இப்படி எழுதுவதைப் பற்றிச் சிறு வியாபாரிகளிடம் பேசும்போதெல்லாம் ஒரு தடை குறுக்கே வருகிறது. “ஜர்னல், டெபிட், கிரெடிட் எல்லாம் படிச்சவங்களுக்கு டீச்சர்” என்கிறார்கள். இதில் ஒரு பங்கு தப்பு நாங்கள் நடத்திய விதத்தில் இருக்கிறது என்று நினைக்கிறேன். அதைக் கொஞ்சம் விரித்துச் சொல்ல வேண்டும்.

வகுப்பில் முதல் வாரத்திலேயே ஒரு கேள்வி வந்துவிடும். பின்பெஞ்சிலிருந்துதான் வரும். “டீச்சர், பணம் உள்ளே வருது. அது வரவுதானே? ஏன் ரொக்கக் கணக்கு பற்றுன்னு எழுதச் சொல்றீங்க?” நியாயமான கேள்வி. வீட்டில் வரவு செலவு நோட்டு எழுதும் அம்மா, சம்பளம் வந்தால் வரவு என்றுதான் எழுதுகிறார். இதற்குப் பாடநூல் தரும் விடை மூன்று விதிகள். பெறுபவர் பற்று, தருபவர் வரவு. உள்ளே வருவது பற்று, வெளியே போவது வரவு. செலவும் நட்டமும் பற்று, வருமானமும் லாபமும் வரவு. பிள்ளைகள் மனப்பாடம் செய்துவிடுவார்கள். மதிப்பெண் வந்துவிடும். கேள்வி அப்படியே இருக்கும்.

வேலைக்குச் சேர்ந்த நான்காவது வருஷம் இதை அப்பாவிடம் சொன்னேன். அவர் பள்ளியில் ஐந்தாவதோடு நின்றவர். “மளிகைக் கடை நோட்டுல நம்ம பேருல என்ன எழுதுறான்?” என்று கேட்டார். அரிசி வாங்கினால் பற்று, பணம் கொடுத்தால் வரவு என்றேன். “அவ்வளவுதான். கைநீட்டி வாங்குனவன் பேருல பற்று. யார்கிட்ட இருந்து வந்துச்சோ அவன் பேருல வரவு. இப்ப கல்லாப்பெட்டியையும் ஒரு ஆளா நினைச்சுக்கோ. அவன் நூறு ரூபா வாங்குனா அவன் பேருல என்ன?” என்றார்.

பற்று. கல்லாப்பெட்டி பற்றிக்கொண்டது.

அதற்குமேல் விளக்கம் தேவைப்படவில்லை. கிரைண்டரையும் ஓர் ஆளாக நினைத்துக்கொள்ளுங்கள், வாடகையை ஓர் ஆளாக, விற்பனையை ஓர் ஆளாக. வாடகை 4,000 கொடுத்தால் வாடகை என்பவர் வாங்கிக்கொண்டார், அவர் பேரில் பற்று. கல்லா கொடுத்தது, அதன் பேரில் வரவு. மாவு விற்று 60 ரூபாய் வந்தால் கல்லா வாங்கிக்கொண்டது, பற்று. விற்பனையிடமிருந்து வந்தது, விற்பனைக்கு வரவு. கைக்காசு போட்டுத் தொழில் தொடங்கினால், போட்ட ஆளும் தொழிலும் வேறு வேறு ஆட்கள்; கல்லாவுக்குப் பற்று, முதல் போட்டவர் பேரில் வரவு. அந்த வரவு, தொழில் அவருக்குத் திருப்பித் தரவேண்டிய பணம். வங்கிப் பாஸ்புக் ஏன் தலைகீழாக இருக்கிறது என்பதற்கும் இதுவே விடை. நாம் போட்ட பணத்தை வங்கி நமக்கு வரவு வைக்கிறது, ஏனென்றால் அது வங்கியின் நோட்டு, அதில் கொடுத்தவர் நாம். நம் நோட்டில் வாங்கிக்கொண்டது வங்கி. ஆகவே வங்கிக்குப் பற்று. மளிகைக் கடைக்கார அண்ணாச்சி தன் நோட்டில் வாழ்நாள் முழுக்கச் சரியாக எழுதிவரும் ஒன்றை, வகுப்பறையில் அயல்நாட்டு மந்திரம்போல ஆக்கிவிட்டோம். பற்று, வரவு என்ற தமிழ்ச் சொற்களிலேயே பாடம் இருக்கிறது. அந்தச் சொற்களை விளக்காமல் விதிகளை மனப்பாடம் செய்யவைப்பது பிள்ளைகளுக்கு நாம் செய்யும் அநீதி என்பது என் உறுதியான கருத்து.

மேல்நாட்டிலும் இது வணிகர்களின் நோட்டிலிருந்து நூலுக்குப் போனதுதான். வெனிஸ் வணிகர்கள் கையாண்டுவந்த இரட்டைப் பதிவு முறையை லூக்கா பசியோலி என்ற பிரான்சிஸ்கன் துறவி 1494ல் அச்சான தன் கணித நூலில் ஒரு பகுதியாக விளக்கி எழுதினார். அவர் கண்டுபிடித்தது அல்ல அது. அவருக்கு ஒன்றரை நூற்றாண்டுக்கும் முன்பே ஜெனோவா நகரத்துக் கணக்குகள் அந்த முறையில் எழுதப்பட்டிருக்கின்றன. அவர் சொல்லும் ஏடுகள் மூன்று. நடந்ததை நடந்தபடி, சிறிதும் பெரிதும் விடாமல், யாரோடு, என்ன, எத்தனை, எந்த நாணயத்தில் என்று எழுதும் நினைவேடு. அதைப் பற்று வரவாகப் பிரித்து எழுதும் குறிப்பேடு. பிறகு பேரேடு. முதல் ஏட்டைக் கடை முதலாளிதான் எழுதவேண்டும் என்பதில்லை, எழுதத் தெரிந்தால் வேலையாளும் வீட்டுப் பெண்களும் எழுதலாம் என்கிறார். ஏட்டைக் கடவுள் பெயரோடு தொடங்கச் சொல்கிறார். இதைப் படித்தபோது எனக்கு அப்பாவின் சிட்டையும் பிள்ளையார் சுழியும்தான் கண்முன் வந்தன. நம் பக்கத்து நகரத்தார் பர்மாவிலும் மலாயாவிலும் இலங்கையிலும் மூன்று மூன்று வருஷக் கெடுவுக்கு முகவர்களை அனுப்பித் தொழில் நடத்தியதும் பேரேட்டையும் ஐந்தொகையையும் நம்பித்தான். செட்டிநாட்டில் இருந்த முதலாளி கடல்கடந்த கடையில் நடப்பதை அந்தக் கணக்கு வழியாகத்தான் பார்த்தார்.

மாவு விற்கும் பெண்ணின் கதைக்கு வருகிறேன். ஏப்ரல் 1ஆம் தேதி ஒரு நீள நோட்டு வாங்கி, கோடு போட்டு, இருவரும் தொடங்கினோம். முதல் பதிவு தொடக்கப் பதிவு: கையில் இருக்கும் ரொக்கம், அரிசி, உளுந்து, பழைய கிரைண்டர் எல்லாம் பற்று, கொடுக்கவேண்டிய கடனும் அவருடைய முதலும் வரவு. அடுத்த நாளிலிருந்து அவரே எழுதினார். இரண்டு பதிவுகளை இங்கே அப்படியே தருகிறேன்.

மெஸ்காரர் கணக்கு பற்று 1,200. விற்பனைக் கணக்கு வரவு 1,200. (மேட்டுத் தெரு மெஸ்ஸுக்கு 30 கிலோ மாவு கடனுக்குக் கொடுத்தது. வெள்ளிக்கிழமை தருவதாகச் சொன்னார்.)

எடுப்புக் கணக்கு பற்று 1,300. கொள்முதல் கணக்கு வரவு 1,300. (வீட்டுச் சாப்பாட்டுக்கு ஒரு சிப்பம் அரிசி எடுத்தது.)

இரண்டாவதை எழுதவைப்பதற்குள் பெரும்பாடு பட்டேன். “என் அரிசியை நான் எடுக்குறதுக்கு எதுக்கு டீச்சர் கணக்கு?” என்றார். அந்த அரிசி கடைக்கு வாங்கியது. வீட்டுக்குப் போனால் கடைக்கு அது செலவு இல்லை, முதலாளி எடுத்துக்கொண்டது. அதை எழுதாவிட்டால் மாவு வியாபாரத்தில் லாபம் குறைவாகத் தெரியும். அரிசி எங்கே போகிறது என்றே தெரியாது. மூன்று மாத முடிவில் எடுப்புக் கணக்கைக் கூட்டியபோது அவர் அந்தத் தொகையை இரண்டு முறை வாசித்தார். ரொக்கமாகவும் சரக்காகவும் வீட்டுக்குப் போனது 41,700. இந்தத் தொழிலில் ஒன்றும் மிஞ்சவில்லை என்று அதுவரை நினைத்துக்கொண்டிருந்தார். மிஞ்சியதில்தான் குடும்பமே நடந்திருக்கிறது. பெண்கள் நடத்தும் சிறுதொழில்களில் இதை நான் திரும்பத் திரும்பப் பார்க்கிறேன். அவர்கள் உழைப்பின் பலன் எழுதப்படாமலே வீட்டுக்குள் கரைந்துபோகிறது. பிறகு வீட்டில் இருப்பவர்களே “உன் தொழில்ல என்ன வருது” என்று கேட்கிறார்கள். எடுப்பு என்ற ஒரு தலைப்பில் எழுதியிருந்தால் பதில் கையில் இருக்கும்.

மெஸ் மே மாதம் மூடப்பட்டது. 700 வந்தது, 500 வரவில்லை. ரொக்கம் பற்று 700, வாராக்கடன் பற்று 500, மெஸ்காரர் வரவு 1,200. (மெஸ்ஸை மூடி ஊருக்குப் போய்விட்டார்.) அவ்வளவுதான். வராது என்று தெரிந்த 500ஐ வரும் என்று நினைத்துத் தூக்கிக்கொண்டு திரிவதைவிட இது மேல்.

ஏப்ரலிலேயே ஒரு பிழையும் நேர்ந்தது. பாக்கெட்டை ஒட்டும் சீலிங் மெஷின் ஒன்று 6,500க்கு வாங்கினார். 2,500 ரொக்கம், மீதி பாக்கி. அரிசி உளுந்து வாங்குவதுபோல இதையும் கொள்முதல் கணக்கில் பற்று வைத்துவிட்டார். மாதக் கடைசியில் இருப்பாய்வு போட்டோம். இரண்டு பக்கமும் பைசா பிசகாமல் பொருந்தியது. பொருந்தத்தான் செய்யும், பற்றும் வரவும் சமமாக இருக்கிறதா என்பதை மட்டுமே இருப்பாய்வு பார்க்கும், சரியான கணக்கில் ஏறியதா என்று அதற்குத் தெரியாது. வருஷக்கணக்கில் உழைக்கப்போகிற மெஷின் ஒரே மாதச் செலவாகி, அந்த மாத லாபத்தைத் தின்றுவிட்டிருந்தது. பிழையைக் காட்டிக்கொடுத்தது கீழே இருந்த வரிதான்: (பாக்கெட் ஒட்டும் மெஷின், ஒரு வருஷ வாரண்டி). கொள்முதல் என்ற தலைப்புக்குக் கீழே வாரண்டி என்ற சொல் வந்தால் யார் கண்ணும் நிற்கும்.

அதை அடித்துவிடட்டுமா என்று கேட்டார். அடிக்கக் கூடாது என்றேன். மறுபதிவுதான் எழுதவேண்டும்: இயந்திரம் பற்று 6,500, கொள்முதல் வரவு 6,500, (ஏப்ரல் 11ல் தவறுதலாகக் கொள்முதலில் எழுதியது இப்போது திருத்தப்படுகிறது). தப்பும் ஏட்டில் இருக்கும், திருத்தமும் இருக்கும், திருத்திய தேதியும் இருக்கும். இந்த ஒழுங்கை இப்போது சட்டமே கணினியிடமும் கேட்கிறது. 2023 ஏப்ரல் 1 முதல் கம்பெனிகள் பயன்படுத்தும் கணக்கு மென்பொருள், ஒவ்வொரு மாற்றமும் எப்போது செய்யப்பட்டது என்ற தடத்தை முடக்கமுடியாதபடி வைத்திருக்க வேண்டும் என்பது விதி. நீள நோட்டில் மையால் எழுதியவர்கள் இதை ஒரு சட்டமும் சொல்லாமலே செய்துவந்தார்கள்.

கணினிக்கு நான் எதிரி இல்லை. என்னிடம் படித்த பிள்ளைகள் பலர் ஆடிட்டர் அலுவலகங்களில் டேலி என்ற கணக்கு மென்பொருளில்தான் வேலை பார்க்கிறார்கள். எஃப்7 தட்டினால் ஜர்னல் வவுச்சர் திறக்கும். பற்றும் வரவும் சமமாகாமல் அது பதிவை ஏற்காது. கூட்டல் பிழைக்கு இடமே இல்லை. எல்லாம் நல்லது. ஆனால் அடியில் நரேஷன் என்று ஒரு கட்டம் இருக்கிறது. அதை வெறுமையாக விட்டு என்டர் தட்டினாலும் அது ஒன்றும் கேட்காமல் சேமித்துக்கொள்ளும். செப்டம்பர் நெருக்கடியில், கடைக்காரர் மஞ்சள் பையில் கொண்டுவந்து கொட்டும் ஒரு வருஷத் துண்டுச் சீட்டுகளை அந்தப் பிள்ளைகள் ஏற்றும்போது அந்தக் கட்டம் வெறுமையாகத்தான் போகிறது. அவர்களைக் குறை சொல்ல முடியாது. பத்து மாதத்துக்கு முன்னால் 5,000 எதற்குப் போனது என்று அவர்களுக்கு எப்படித் தெரியும்? தெரிந்த ஒரே ஆள் கடைக்காரர், அவரும் மறந்திருப்பார். ஆகவேதான் அன்றன்றைக்கே எழுதவேண்டும் என்கிறேன்.

இதை ஆசாரமாகச் சொல்வதாக நினைக்க வேண்டாம். 2025 ஜூலையில் கர்நாடகத்தில் நடந்தது பலருக்கு நினைவிருக்கும். சிறு கடைக்காரர்களின் யுபிஐ வரவுகளைக் கூட்டிப் பார்த்து, ஜிஎஸ்டி பதிவு வரம்பைத் தாண்டியிருக்கிறீர்கள் என்று வணிகவரித் துறை நோட்டீஸ் அனுப்பியது. காய்கறி, பால் என்று வரியே இல்லாத பொருள் விற்றவர்களுக்கும் போயிற்று. சொந்தக்காரர் அனுப்பியதும் கடன் வாங்கியதும் சேர்ந்துதான் அந்தத் தொகை என்று பலர் முறையிட்டார்கள். பெங்களூரில் பல கடைகளில் யுபிஐ இல்லை, ரொக்கம் மட்டும் என்று எழுதி ஒட்டினார்கள். அவர்கள் கோபம் எனக்குப் புரிகிறது. வந்த பணமெல்லாம் விற்பனை என்று எடுத்துக்கொள்வது சரியல்ல. விளக்கம் கேட்டபிறகே துறை தொகையைச் சொல்லியிருக்க வேண்டும். ஆனால் ரொக்கத்துக்குத் திரும்புவது விடை ஆகாது. இது அண்ணன் அனுப்பியது, இது கீரை விற்றது என்று அன்றே எழுதிய ஒரு நோட்டு இருந்தால் அந்த நோட்டீஸுக்கு அரை மணி நேரத்தில் பதில் எழுதலாம்.

நீதிமன்றமும் அதைத்தான் பார்க்கிறது. 1872ஆம் ஆண்டு இந்திய சாட்சியச் சட்டம், தொழில் நடப்பில் ஒழுங்காக எழுதிவரும் கணக்கேடுகளை ஏற்றது; ஆனால் அந்தப் பதிவு மட்டும் இருந்தால் ஒருவர் தலையில் கடனைச் சுமத்தப் போதாது, வேறு சாட்சியமும் வேண்டும் என்றது. அதில் தரப்பட்டிருக்கும் உதாரணமே ஆயிரம் ரூபாய்க் கடனுக்காகக் கணக்கேட்டைக் காட்டி வழக்குப் போடும் ஒருவரைப் பற்றியது. 2024 ஜூலையில் நடைமுறைக்கு வந்த புதிய சாட்சியச் சட்டத்திலும் இந்த ஏற்பாடு தொடர்கிறது. ஜெயின் டைரி வழக்கில் 1998ல் உச்ச நீதிமன்றம், கட்டுக்கோப்பான ஏடு வேறு, உதிரித் தாள்கள் வேறு என்று பிரித்துக் காட்டியது; ஏடாகவே இருந்தாலும் தனிச் சாட்சியம் இல்லாமல் அது போதாது என்றது. மருமகன் உடன் இருந்தார் என்று அப்பா எழுதியது ஏன் என்று இதைப் படித்தபோதுதான் எனக்கு முழுதாக விளங்கியது. வேறு சாட்சி எங்கே இருக்கிறது என்பதையும் அந்த வரியே சொல்லிவிடுகிறது.

பள்ளிக் கல்வித் துறைக்கு ஒரு வேண்டுகோள் உண்டு. கணக்குப்பதிவியல் படிக்கும் ஒவ்வொரு மாணவரும், ஒரு மாதம், தன் தெருவில் உள்ள ஒரு உண்மையான கடையின் குறிப்பேட்டை எழுதட்டும். பூக்கடை, டீக்கடை, தையல் கடை எதுவானாலும் சரி. அதற்குச் செய்முறை மதிப்பெண் கொடுங்கள். தொகைக்கு எவ்வளவோ அவ்வளவு மதிப்பெண் விளக்கக் குறிப்புக்கும் கொடுங்கள். ‘ராமு என்பவர் 10,000 முதலிட்டுத் தொழில் தொடங்கினார்’ என்ற வாக்கியத்தைப் பதிவாக்குவது ஒரு பயிற்சி. பூக்காரம்மா பாதி வாக்கியத்தில் சொல்லிவிட்டுப் போவதைக் கேட்டு, இது கடனா கைமாற்றா முன்பணமா என்று மறுபடி கேட்டுத் தெளிந்து எழுதுவதுதான் கணக்கு. அந்தக் கடைக்கும் ஒரு மாதக் கணக்கு கிடைக்கும்.

கடை வைத்திருப்பவர்களிடம் நான் கேட்பது இன்னும் சிறியது. இன்று ராத்திரி கடை சாத்துவதற்கு முன் பத்து நிமிஷம் ஒதுக்குங்கள். சில்லறை விற்பனையை நாளுக்கு ஒரே பதிவாக எழுதினால் போதும். அதற்கு வெளியே வந்தது, போனது, வீட்டுக்கு எடுத்தது, கடனுக்குக் கொடுத்தது ஒவ்வொன்றையும் தனியாக எழுதுங்கள். வாங்கிக்கொண்டவர் பற்று, யாரிடமிருந்து வந்ததோ அவர் வரவு. போனில் பணம் அனுப்பும்போது குறிப்பு எழுதக் கேட்கும் கட்டத்தையும் வெறுமையாக விடாதீர்கள். எந்தப் பதிவுக்கு அடியிலும் எதற்காக என்று உங்கள் பேச்சிலேயே ஒரு வரி எழுதுங்கள். எப்படித் தொடங்குவது என்று தெரியாவிட்டால் உங்கள் வீட்டில் பிளஸ் ஒன் வணிகவியல் படிக்கும் பிள்ளையைப் பக்கத்தில் உட்கார்த்திக்கொள்ளுங்கள்; அந்தப் பிள்ளைக்குத் தெரியும்.